கரண்ட் வெட்டும் லொஸ்ட் ஃபவுண்டும்: யுனிக்ஸ் நிர்வாகம் பழகிய கதைகள்

வெள்ளவத்தைவாசி:

சர்வர் வேலையை எங்கே பழகுவது என்று பொடியன்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒன்றை வாங்கி, வீட்டில் எல்லோரும் தினமும் பாவிக்கிற ஏதாவது ஒன்றை அதில் ஓட விடுங்கள் என்றுதான் சொல்வேன். நான் கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் எடுத்த செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டொப்பில் ஃப்ரீபிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை இயங்குதளத்தைப் போட்டு, அப்பாவின் கணக்குக் கோப்புகளை வைத்திருந்தேன்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்களே, அந்தக் காலம். கரண்ட் இல்லாவிட்டால் போனிலும் டேட்டா ஒழுங்காக வராது. லாப்டொப்புக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் போல ஓடும் வேர்ச்சுவல் மெஷினாக அதே ஃப்ரீபிஎஸ்டி இருந்தது. பற்றரி இறங்கும் வரை அதோடு வரும் கையேடான மேன் பக்கங்கள்தான் வாசிப்பு. எந்த அடைவில் (ஃபோல்டரில்) என்ன இருக்கும் என்று சொல்கிற 'ஹையர்' பக்கத்தை அப்போதுதான் வடிவாக வாசித்தேன்.

டெஸ்க்டொப்புக்கு யூபிஎஸ் இல்லை. கரண்ட் வந்ததும் எழும்பி வட்டைச் சரிபார்க்கும். 2012இல் 9.0 பதிப்போடு வந்த, வட்டில் நடக்கும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் ஜேர்னல் இருந்ததால் பெரும்பாலும் சில விநாடிதான். ஒருநாள் மட்டும் எந்த ஷெல் (கட்டளை அடிக்கும் புரோகிராம்) வேண்டும் என்று கேட்டு அப்படியே நின்றது. பழுது பார்ப்பதற்கான சிங்கிள் யூசர் மோட். இதில் ரூட் கோப்பமைப்பு, அதாவது அமைப்பின் அடிப்படைக் கோப்புகள் இருக்கும் பகுதி, வாசிக்க மட்டும்தான் திறந்திருக்கும். அது தெரியாமல் விஐ எடிட்டரில் கோப்பைத் திருத்தி, சேமிக்க முடியாமல் விசர் பிடித்தவர்கள் நிறையப் பேர். முதலில் வட்டைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை மைனஸ் என்-னோடு ஓட்டி என்ன பழுது என்று மட்டும் பார்த்தேன். அப்புறம் எல்லாவற்றையும் திருத்தச் சொல்லும் மைனஸ் வை.

பெட்டி எழும்பிவிட்டது. அப்பாவின் கோப்பு ஒன்றைத்தான் காணவில்லை. பெயர் இழந்த கோப்புகளை எஃப்எஸ்சிகே போட்டு வைக்கும் லொஸ்ட் ஃபவுண்ட் அடைவுக்குள் போனால், # குறியோடு வெறும் இலக்கங்களைப் பெயராகக் கொண்டு சில கோப்புகள் கிடந்தன. என்ன வகைக் கோப்பு என்று சொல்லும் 'ஃபைல்' கட்டளையை ஓட்டினால் ஒன்று எக்செல் என்றது. அதுதான்! பெயர் இருப்பது அடைவில், கோப்பின் விபரமும் அது வட்டில் கிடக்கும் இடமும் இருப்பது ஐநோட் என்ற பதிவில் என்று வகுப்பில் படிப்பித்தபோது எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அன்றைக்கு விளங்கியது.

கொட்டாஞ்சேனை அக்கா:

தம்பி சொன்ன அதே ஐநோட் எனக்கு வேறு பக்கத்தால் வந்தது. ஒரு சின்ன அலுவலகத்தில் சர்வர் பார்க்கப் போனேன். வட்டு எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் கட்டளை 104 சதவீதம் என்று காட்டுகிறது. நூறுக்கு மேல் எப்படி என்று அங்கே எல்லோருக்கும் பயம். ஃப்ரீபிஎஸ்டியின் யூஎஃப்எஸ் கோப்பமைப்பு வழக்கமாக 8 சதவீத இடத்தை ஒதுக்கி வைத்துவிட்டு மீதியைத்தான் நூறாகக் கணக்கிடும், ஒதுக்கியதை ரூட் என்ற நிர்வாகி மட்டும்தான் எழுதி நிரப்பலாம்; அதற்குள்ளும் கை வைத்தாயிற்று என்பதுதான் கணக்கு. ஆனால் கோப்புகளின் அளவை எண்ணும் டியூ போட்டுக் கூட்டினால் பாதி வட்டுக்கூட வரவில்லை.

முன்பு அங்கே வேலை செய்தவர் ஒரு புரோகிராம் தன் குறிப்புகளை எழுதிக்கொண்டிருந்த பெரிய லொக் கோப்பை ஆர்எம் கட்டளை போட்டு அழித்திருக்கிறார். பெயர் போய்விட்டது, ஆனால் அந்தப் புரோகிராம் கோப்பை விடவில்லை. கடைசியாகப் பிடித்திருக்கும் புரோகிராம் மூடும் வரை இடம் திரும்பி வராது. எந்தப் புரோகிராம் எந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கிறது என்று காட்டும் எஃப்ஸ்டாட் போட்டு அதைக் கண்டுபிடித்து, அந்தச் சேவையை மட்டும் ரீஸ்டார்ட் பண்ணினேன். அதற்குள் முதலாளி புது வட்டு வாங்க விலை கேட்டு போனில் நிற்கிறார்!

புதுவரவு:

அண்ணா, கொழும்பில் வேலை விளம்பரம் எல்லாம் லினக்ஸ்தானே கேட்கிறது? ஃப்ரீபிஎஸ்டி படித்துப் பிரயோசனம் இருக்கா?

வெள்ளவத்தைவாசி:

வேலைக்கு லினக்ஸ்தான், அதில் சந்தேகம் இல்லை. நெட்ஃபிளிக்ஸ் வீடியோ அனுப்பும் பெட்டிகளில் ஃப்ரீபிஎஸ்டி ஓடுகிறது என்பதற்காக இங்கே யாரும் உங்களைக் கூப்பிடப் போவதில்லை. ஆனால் அடிப்படை அமைப்பு ஒரு பக்கம், நீங்கள் போட்ட மென்பொருள் யூஎஸ்ஆர் லோக்கல் அடைவில் மறுபக்கம் என்று பிரித்து வைத்திருப்பதால் பழகுகிறவருக்குக் குழப்பம் குறைவு. அக்கா சொன்ன அழித்த கோப்பின் கதை லினக்ஸிலும் நடக்கும். எஃப்ஸ்டாட்டுக்குப் பதில் எல்எஸ்ஓஎஃப், அவ்வளவுதான்.

புதுவரவு:

சரி அண்ணா, நேற்று இரவே போட்டுவிட்டேன். ஆனால் ரூட்டாக மாற எஸ்யூ அடித்தால் பாஸ்வேர்டே கேட்காமல் 'சொரி' என்கிறது. ரூட் உரிமையோடு ஒரு கட்டளையை ஓட்டும் சூடோவும் இல்லை.

கொட்டாஞ்சேனை அக்கா:

சூடோ தனியாகப் போட வேண்டியது, தம்பி. எஸ்யூ போட்டு ரூட்டாக மாற அனுமதி உள்ள வீல் குழுவில் நீங்கள் இல்லை, அதனால்தான் விடவில்லை. நேரடியாக ரூட்டாக லொகின் பண்ணி, பிடபிள்யூ குரூப்மொட் வீல் மைனஸ் எம், அதோடு உங்கள் பயனர் பெயர் என்று அடியுங்கள். வெளியே வந்து திருப்பி லொகின் பண்ணிப் பாருங்கள்.