ஸ்ட்ராங்கான டீ, ஆனால் துவர்ப்பு வேண்டாம்

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். 30 வருடக் காலைக் காப்பியை விட்டு டீக்கு மாறி 12 நாட்கள் ஆகின்றன. தலைவலி 4 நாட்களில் ஓய்ந்தது, டீதான் வசப்படவில்லை.

ஒரு டம்ளர் தண்ணீருக்கு 2 கரண்டி டீத்தூள், 5 நிமிடக் கொதி, பிறகு பால். செங்கல் நிறம் வருகிறது. நாக்கிலோ கொட்டைப்பாக்கு மென்ற துவர்ப்பு. கொதியை 2 நிமிடமாக்கினால் சப்பென்று ஆகிவிடுகிறது. போர் தண்ணீரில் போட்டால் மேலே படலம் வேறு. தாமிரபரணித் தண்ணீரில் படலம் இல்லை, துவர்ப்பு அப்படியே இருக்கிறது. தெருமுனை டீக்கடைக்காரரிடம் கேட்டேன். சிரித்துவிட்டு ஒரு டீயை நீட்டினார். அருமையாக இருந்தது, ரகசியம்தான் வரவில்லை.

காப்பியின் அந்தக் கனம் துவர்ப்பில்லாமல் கிடைக்க, தூள் அளவு, கொதி நேரம், பால் சேர்க்கும் தருணம் ஆகியவற்றில் எதை மாற்ற வேண்டும்?