கொள்ளையனை எடுத்துவிட்டால் அந்த 14 அட்டையை என்ன செய்வீர்கள்?

செங்கல்சூளை:
நேற்று ‘முதல்படி’ இங்கே ஒரு பாடம் போட்டிருந்தார். கட்டான் என்ற பலகை ஆட்டத்தைப் புதியவர்களுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்று. இரண்டு பகடையில் விழுகிற எண் எந்தக் கட்டத்தில் இருக்கிறதோ, அதைத் தொட்டு வீடு வைத்திருப்பவருக்குப் பொருள் அட்டை கிடைக்கும், அதைக் கொண்டு கட்டிக் கட்டிப் புள்ளி சேர்க்கிற ஆட்டம். அதில் மூன்றாவது பத்தி கொள்ளையனைப் பற்றியது, அதாவது 7 விழுந்தால் ஒரு கட்டத்தின் மேல் போய் உட்கார்ந்து அதன் விளைச்சலை நிறுத்தி, அங்கே வீடு வைத்திருப்பவரிடம் ஓர் அட்டையை உருவ வைக்கிற பொம்மை: “முதல் ஆட்டத்தில் கொள்ளையனைப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். 7 விழுந்தால் மறுபடி உருட்டிக்கொள்ளுங்கள். புதியவர் பயப்பட மாட்டார்.” படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

ஒரே ஒரு கேள்விதான். பொருள் கொடுத்து வாங்குகிற வளர்ச்சி அட்டைக் கட்டில் மொத்தம் 25 அட்டை. அதில் 14 வீரர் அட்டை. வீரர் அட்டையின் வேலையே கொள்ளையனை நகர்த்துவது. அவன் பெட்டியில் படுத்துத் தூங்கினால் அந்த 14 அட்டையை என்ன செய்வீர்கள்?

முதல்படி:
நான் எழுதியது பன்னிரண்டு பத்தி. மற்ற பதினொன்றைப் பற்றி உங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. சரி, இருக்கட்டும்.

முதல் தடவை உட்காருகிறவர் தலையில் எவ்வளவு ஏற்றுவது? மரம், செங்கல், ஆடு, கோதுமை, தாது என்று ஐந்து பொருள். சாலைக்கு என்ன, வீட்டுக்கு என்ன, நகரத்துக்கு என்ன என்று ஒரு விலைப்பட்டியல். இரண்டு வீட்டுக்கு நடுவே குறைந்தது இரண்டு சாலை இடைவெளி வேண்டும் என்ற விதி. துறைமுகம் இருந்தால் மூன்றுக்கு ஒன்று அல்லது இரண்டுக்கு ஒன்று, இல்லையென்றால் பேங்கில் நான்குக்கு ஒன்று. இத்தனைக்கும் மேலே, 36-இல் 6 வாய்ப்பு உள்ள, எல்லாவற்றையும்விட அதிகம் விழுகிற 7. அவர் கையில் இருப்பதே மூன்று அட்டை. அதிலும் ஒன்றை உருவிவிட்டால் அவர் எதைக் கட்டுவார்? ஒரு ஆட்டம் பொறுங்கள் என்றுதானே சொன்னேன்.

செங்கல்சூளை:
14 அட்டை?

பகடைப்பித்தன்:
14 அட்டையையும் வெளியே எடுத்து வைத்துவிட்டால் போச்சு. இதற்கு ஒரு விவாதமா?

செங்கல்சூளை:
எடுத்து வையுங்கள். மீதி 11. அதில் 5 அட்டை நேரடிப் புள்ளி. சாலை போடுவது, விருப்பப்பட்ட பொருள் எடுப்பது, ஒரு பொருளை மொத்தமாக வாரிக்கொள்வது, இவை மூன்றும் இரண்டிரண்டு. ஆக, வாங்குகிற அட்டையில் கிட்டத்தட்டப் பாதி புள்ளியாக வரும். ஒரு அட்டையின் விலை ஒரு ஆடு, ஒரு கோதுமை, ஒரு தாது. வீட்டை நகரமாக்கி ஒரு புள்ளி கூட்ட மூன்று தாதும் இரண்டு கோதுமையும் வேண்டும். இந்தக் கணக்கைப் பார்த்தபின் யார் நகரம் கட்டுவார்? புதியவர் முதல் நாளே கற்றுக்கொள்வது என்ன? கட்டாதே, அட்டை வாங்கு. நல்ல பாடம்.

இதோடு முடியவில்லை. மூன்று வீரர் காட்டினால் கிடைக்கிற பெரும்படையின் 2 புள்ளி போயிற்று. 7-ஐ மறுபடி உருட்டினால் 36 வாய்ப்பு 30 ஆகச் சுருங்குகிறது. 6-க்கும் 8-க்கும் தலா 5 வாய்ப்பு அப்படியே நிற்கும். அதாவது நல்ல இடம் பிடித்தவனுக்கு இன்னும் நல்ல அறுவடை. அவனைத் தடுக்க மேசையில் இருந்த ஒரே ஆள் கொள்ளையன். அவனையும் அனுப்பிவிட்டீர்கள்.

இந்த ஆட்டத்தை உருவாக்கிய கிளாவுஸ் டாய்பர் பல் செட் செய்யும் தொழிலில் இருந்தவர். 1995-இல் ஆட்டம் வெளிவந்தது, ஜெர்மனியில் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதும் அதே ஆண்டில். அவர் பல் கட்டிக் கொடுத்த பாம்பு இது. நம்ம ‘முதல்படி’ வந்து பல்லைப் பிடுங்கிவிட்டு, பாருங்கள் கடிக்கவே இல்லை என்கிறார்.

சொல்லாய்வு:
எல்லோரும் மன்னிக்க வேண்டும். ‘கட்டான்’ என்று எழுதினால் தமிழில் ‘கட்ட மாட்டான்’ என்று பொருள். வீடு கட்டுகிற ஆட்டத்துக்கு இப்படி ஒரு பெயரா? ‘கேட்டான்’ என்று எழுதினால் குறைந்தபட்சம் பேரம் பேசுகிற ஆட்டம் என்றாவது தோன்றும். ஆடு கேட்டான், மரம் கேட்டான்.

பகடைப்பித்தன்:
ஜெர்மன்காரர்கள் கட்டான் என்றுதான் சொல்கிறார்கள்.

சொல்லாய்வு:
அவர்களுக்குத் தமிழ் தெரியாது. உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன்.

ஆட்டுக்காரி:
கொள்ளையன் வேண்டும் என்பதுதான் என் கட்சியும். கையில் 7 அட்டை வைத்திருக்கும்போது 7 விழுந்து பாதியைத் தூக்கிப் போடுகிற அந்த வலி இருக்கிறதே, அது இல்லாமல் யாரும் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொள்ள முடியாது.

செங்கல்சூளை:
7-க்கு மேல் இருந்தால்தான் போட வேண்டும் அக்கா. 7 வைத்திருப்பவர் தப்பித்துக்கொள்வார். 8 இருந்தால் 4 போடணும், 9 இருந்தாலும் 4-தான். என் பக்கம் பேசுவதென்றால் விதியைச் சரியாகச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

ஆட்டுக்காரி:
நான் உங்கள் பக்கம் பேசவில்லை, கொள்ளையன் பக்கம் பேசினேன். எங்கள் மேசையில் 7-க்கே போடுவோம். பல வருடமாக அப்படித்தான். ஒருவரும் அழவில்லை.

செங்கல்சூளை:
பல வருடம் தப்பாக ஆடினால் அது விதியாகிவிடாது.

ஆட்டுக்காரி:
பாருங்கள், இந்தத் தொனிக்காகத்தான் நான் இங்கே எழுதுவதே இல்லை.

முதல்படி:
தொனி என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. நான் சொல்லக் கூடாது என்றிருந்தேன். செங்கல்சூளை அவர்களோடு ஒருமுறை ஒரே மேசையில் ஆடியிருக்கிறேன். புதிதாக ஒருவர் வந்திருந்தார். அவருடைய கோதுமைக் கட்டத்தின் மேல் தொடர்ந்து நான்கு தடவை கொள்ளையன் வந்து உட்கார்ந்தான். இரண்டு தடவை 7, இரண்டு தடவை வீரர் அட்டை. நான்கும் ஒரே கைதான். அந்த மனிதர் அப்புறம் எங்கள் மேசைப் பக்கமே வரவில்லை. மூன்றாவது பத்தியை நான் எழுதக் காரணமே அந்த நாள்தான்.

செங்கல்சூளை:
தொடர்ந்து ஒரே கட்டத்தில் வைக்க விதியே இடம் கொடுக்காது. ஒவ்வொரு தடவையும் கொள்ளையனை வேறு கட்டத்துக்கு நகர்த்தியே ஆக வேண்டும். நடுவில் ஒருமுறை தாதுக் கட்டத்துக்குப் போனான். சொல்வதானால் முழுதாகச் சொல்லுங்கள். அதோடு அவர் முன்னணியில் இருந்தார்.

முதல்படி:
அவருக்கு 3 புள்ளி. உங்களுக்கு 7.

செங்கல்சூளை:
மறைத்து வைத்த புள்ளி அட்டை இருந்திருக்கலாம்.

முதல்படி:
முதல் ஆட்டம் ஆடுகிறவரிடமா? அன்று அவர் ஒரு வளர்ச்சி அட்டைகூட வாங்கவில்லையே!

பகடைப்பித்தன்:
அந்த மேசையில் நானும் இருந்தேன் என்பதை இருவரும் மறந்துவிட்டீர்கள். முதல்படி சார், நீங்கள் நியாயம் பேசுவது சிரிப்பாக இருக்கிறது. அன்று நான் உங்களுக்கு ஒரு செங்கல் கொடுத்தேன். “அடுத்த சுற்றில் ஆடு தருகிறேன்” என்றீர்கள். அடுத்த சுற்றில் உங்கள் கையில் இரண்டு ஆடு இருந்தது. தரவில்லை. அந்த ஒரு ஆடு இருந்திருந்தால் துறைமுகத்தில் என் வீடு நின்றிருக்கும். அங்கே நீங்கள் கட்டிக்கொண்டீர்கள்.

முதல்படி:
அதே மூலைக்கு என் சாலையும் போய்க்கொண்டிருந்தது. ஆட்டைக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பேனா? தவிர, ஒரு பொருளைச் சும்மா கொடுப்பதே விதிப்படி கிடையாது. நீங்கள் கொடுத்தது கடன் அல்ல, தவறு.

பகடைப்பித்தன்:
வாங்கும்போது தவறு என்று தெரியவில்லையா?

ஆட்டுக்காரி:
ஆடு விஷயத்தில் யாரையும் நம்பக் கூடாது. நான் எப்போதும் சொல்வேன்.

முதல்தடவை:
எல்லோருக்கும் வணக்கம். நாளை முதன்முறையாக இந்த ஆட்டம் ஆடப் போகிறேன். முதல் இரண்டு வீட்டை எங்கே வைப்பது என்று யாராவது சொல்ல முடியுமா? மேலே உள்ளதைப் படித்ததில் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

சொல்லாய்வு:
‘வீடு’ என்பது பேச்சுவழக்கு. ‘குடியிருப்பு’ என்பதே பொருத்தம்.

மேசைமூலை:
முதல்தடவை அவர்களுக்கு: எண் வில்லைகளில் எண்ணுக்குக் கீழே சின்னச் சின்னப் புள்ளிகள் இருக்கும். 6-க்கும் 8-க்கும் ஐந்து, 5-க்கும் 9-க்கும் நான்கு, இப்படிக் குறைந்துகொண்டே வந்து 2-க்கும் 12-க்கும் ஒன்று. வீடு தொடுகிற மூன்று கட்டத்தின் புள்ளிகளையும் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை பெரிதாக இருக்கிற மூலை நல்ல மூலை. இரண்டு வீட்டிலும் ஒரே எண்ணை நம்பி இருக்க வேண்டாம். மரமும் செங்கல்லும் எங்காவது ஒன்றில் கிடைத்தால் சாலை நீளும். இரண்டாவது வீடு வைக்கும்போது அது தொடுகிற ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு அட்டை கையில் வரும், அதையும் மனதில் வையுங்கள். கடைசியாக வைக்க வேண்டி வந்தால் கவலை வேண்டாம், இரண்டையும் அடுத்தடுத்து நீங்களே வைப்பீர்கள்.

மற்றவர்களுக்கு: விதிப் புத்தகத்திலேயே புதியவர்களுக்கென்று ஒரு தயார் வரைபடம் இருக்கிறது. 19 கட்டமும், தொடக்க வீடுகளும் எங்கே என்று படமே போட்டிருக்கும். அந்தப் படத்திலும் கொள்ளையன், எதுவும் விளையாத பாலைவனக் கட்டத்தில் நிற்கிறான். அதே சமயம் 2 புள்ளி மட்டுமே உள்ளவர் வீட்டருகே அவனை வைக்கக் கூடாது என்று ஒரு மாற்றுவிதியும் வணிகர்களும் காட்டுமிராண்டிகளும் என்ற விரிவாக்கப் பெட்டியில் உண்டு.

முதல்படி:
நன்றி. நான் சொன்னதைத்தான் அவர்களே செய்திருக்கிறார்கள். புதியவருக்குப் பாதுகாப்பு.

செங்கல்சூளை:
நன்றி. நான் சொன்னதைத்தான் அவர்களே செய்திருக்கிறார்கள். கொள்ளையன் மேசையில் நிற்கிறான். 14 அட்டைக்கும் வேலை இருக்கிறது.

மேசைமூலை:
நான் எதற்கு எழுதினேன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பகடைப்பித்தன்:
என்னதான் சொன்னாலும் எல்லாம் பகடை. போன வாரம் என் 8 பத்துச் சுற்றாக விழவில்லை. 12 மூன்று தடவை விழுந்தது. புள்ளி கூட்டுவதாவது, இடம் பார்ப்பதாவது.

செங்கல்சூளை:
8-ஐத் தவிர எதையும் தொடாமல் வீடு வைத்தால் அப்படித்தான். பகடையைத் திட்டுகிறவர்கள் எல்லோரும் கையில் 9 ஆட்டோடு உட்கார்ந்திருப்பவர்கள். நான்கு ஆட்டைப் பேங்கில் கொடுத்து ஒரு செங்கல் வாங்கத் தெரியாதா? அதற்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்: கொள்ளையன் இல்லையென்றால் கையில் எத்தனை அட்டை சேர்ந்தாலும் எவருக்கும் பதற்றம் வராது. எட்டாவது அட்டை கைக்கு வந்ததும் “யாருக்கு ஆடு வேண்டும், யாருக்கு ஆடு வேண்டும்” என்று ஒரு குரல் கிளம்பும் பாருங்கள், அந்தக் குரலில்தான் புதியவர் பேரம் பேசவே கற்றுக்கொள்கிறார். இதை நான் மூன்று தடவை வெவ்வேறு விதமாக எழுதிவிட்டேன். முதல்படி இதுவரை 14 அட்டைக்குப் பதில் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும்.

முதல்படி:
சொல்கிறேன். வீரர் அட்டை வந்தால் அதைக் கட்டுக்கு அடியில் செருகிவிட்டு வேறு எடுத்துக்கொள்ளலாம். போதுமா?

செங்கல்சூளை:
ஆக, எடுப்பதும் செருகுவதுமாக இருப்பார்கள். வெளியே எடுத்து வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதே 11 அட்டை, அதே 5 புள்ளி. மேலே பகடைப்பித்தனுக்குச் சொன்ன பதிலை மறுபடி படிக்கவும்.

ஆட்டுக்காரி:
வீரர் அட்டையை விடுங்கள். பகடை உருட்டும் முன்பே அதைக் காட்டலாமா கூடாதா? எங்கள் மேசையில் கூடாது.

செங்கல்சூளை:
காட்டலாம். அக்கா, உங்கள் மேசையில் நடப்பது வேறு ஏதோ ஆட்டம்.

ஆட்டுக்காரி:
அதில் நாங்கள் சந்தோஷமாக இருக்கிறோம், தம்பி.

முதல்தடவை:
ஆடிவிட்டு வந்தேன்! மேசைமூலை அவர்கள் சொன்னபடி புள்ளி கூட்டி வைத்தேன், நன்றி. 6 புள்ளி எடுத்தேன், மூன்றாவது இடம். ஒரு சின்ன விஷயம்: பெட்டியில் கொள்ளையன் பொம்மை தொலைந்து போயிருந்தது. அதற்குப் பதில் ஒரு சட்டைப் பொத்தானை வைத்து ஆடினோம். என்னை ஐந்து தடவை கொள்ளையடித்தார்கள். அடுத்த வாரமும் போகிறேன்.

முதல்படி:
மகிழ்ச்சி. கொள்ளையன் பொம்மை இல்லாமலே முதல் ஆட்டம் நன்றாகப் போனது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

செங்கல்சூளை:
பொத்தான்தான் ஐயா கொள்ளையன்! ஐந்து தடவை கொள்ளையடித்தது என்று எழுதியிருக்கிறாரே, அதைப் படிக்கவில்லையா? முதல்தடவை, ஒன்று மட்டும் சொல்லுங்கள். வீரர் அட்டை 14-உம் கட்டில் இருந்ததா?

முதல்தடவை:
எண்ணவில்லையே.

பகடைப்பித்தன்:
அது இருக்கட்டும். முதல்படி சார், என் செங்கல்லுக்கு என்ன பதில்?