ஒரே ஆட்டமா, ஏழு ஆட்டமா? நாட்டுக்கு ஆடும் ஐஸ் ஹாக்கியும் என்ஹெச்எல்லும்

முனிர்காவாசி
21 பிப்ரவரி 2025, இரவு 8:40

இன்று காலை ஆறரைக்கு, சந்தில் பால் வண்டி சத்தம் கேட்கும் நேரத்தில், பாஸ்டனில் ஃபோர் நேஷன்ஸ் என்ற நான்கு நாட்டு ஐஸ் ஹாக்கிப் போட்டியின் இறுதி ஆட்டம் தொடங்கியது. கனடாவும் அமெரிக்காவும். ஓவர்டைமில் (கூடுதல் நேரத்தில்) கனடாவின் கோல்கீப்பர் பின்னிங்டன் தடுத்த தடுப்புகளைப் பார்க்கும்போது காபி கையிலேயே ஆறிப்போனது. கடைசியில் மெக்டேவிட் அடித்த கோலில் கனடாவுக்கு 3-2 வெற்றி.

ஐந்து வருடமாக என்ஹெச்எல் என்ற வட அமெரிக்கக் கிளப் லீக்கைப் பார்க்கிறேன். ஒரு சீசனில் ஓர் அணி 82 ஆட்டம் ஆடுகிறது. அதில் ஒன்றில்கூட இந்தப் படபடப்பு எனக்கு வந்ததில்லை. நாட்டுக்காக ஆடும்போதுதான் ஹாக்கி ஹாக்கியாக இருக்கிறது.

மயூர்விஹார்_மூன்று
இரவு 9:05

சார், அந்தப் போட்டியை நடத்தியதே என்ஹெச்எல்லும் அதன் வீரர்கள் சங்கமும்தான். ஆடிய எல்லோரும் என்ஹெச்எல் ஆட்கள், விதியும் அவர்களுடையது. மான்ட்ரியாலில் இதே இரு அணிகள் மோதியபோது முதல் ஒன்பது வினாடியில் மூன்று சண்டை நடந்ததே, சர்வதேச விதிப்படி என்றால் அந்த ஆட்கள் ஆட்டத்தை விட்டே வெளியேறியிருக்க வேண்டும். இங்கே ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். அப்புறம், நான்கே நாடுகள். ஜெர்மனியின் டிரைசைட்லுக்கும் செக் நாட்டின் பாஸ்டர்னாக்குக்கும் இடமே இல்லை.

ஒரே ஆட்டத்தில் பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) யார் காலில் பட்டும் உள்ளே போகலாம். என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பைக்கு அது போதாது. சீசன் முடிந்ததும் வரும் பிளேஆஃப் என்ற நாக்அவுட் கட்டத்தில் நான்கு சுற்று, ஒவ்வொன்றிலும் ஏழு ஆட்டத்தில் நான்கை வெல்ல வேண்டும், ஆக 16 வெற்றி. இரண்டு மாதம் ஆகும். 2013 இறுதித் தொடரில் பாஸ்டனின் பெர்ஜெரான் விலா எலும்பு உடைந்த நிலையில் ஆறாவது ஆட்டம் ஆடினார். நுரையீரலில் ஓட்டை விழுந்தது ஆட்டம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. போன வருட இறுதித் தொடரில் மெக்டேவிட்டின் கிளப்பான எட்மன்டன் 0-3 என்று பின்தங்கி, மூன்று ஆட்டங்களை அடுத்தடுத்து வென்று, ஏழாவதில் 2-1 என்று தோற்றது. தோற்ற அணியில் இருந்தும் மெக்டேவிட்டுக்குத்தான் பிளேஆஃப் நாயகன் விருது. வாங்கிக்கொள்ள அவர் வெளியே வரவேயில்லை. இன்று காலை அவர் கோல் அடித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்தக் காலி இடம்தான்.

முனிர்காவாசி
இரவு 9:31

ஒரே ஆட்டம் என்பதைக் குறையாகச் சொல்கிறீர்கள். 1998 நாகானோ ஒலிம்பிக் அரையிறுதியில் செக் கோல்கீப்பர் ஹாஷெக், சமநிலைக்குப் பிறகு ஒவ்வொருவராக அடிக்கும் ஷூட்அவுட்டில் கனடாவின் ஐந்து பேரையும் தடுத்தார். தன் மிகப் பெரிய நட்சத்திரம் கிரெட்ஸ்கியைக் கனடா அடிக்க அனுப்பவேயில்லை. இறுதியில் ரஷ்யாவை 1-0 என்று ஜெயித்துச் செக் அணிக்குத் தங்கம். கனடாவோடு ஏழு ஆட்டம் வைத்திருந்தால் இது நடந்திருக்குமா? நடந்திருக்காது. அதனால்தான் அந்த ஒரு நாள் பெரிது.

ஆர்கேபுரம்_அக்கா
இரவு 10:12

தம்பிகளா, இருவரும் பெரிய நாடுகளையே பேசுகிறீர்கள். 2023 உலகச் சாம்பியன்ஷிப்பில் லாட்வியா அமெரிக்காவை ஓவர்டைமில் 4-3 என்று வென்று வெண்கலம் வாங்கியது. இருபது லட்சம் பேர்கூட இல்லாத நாடு. அன்று நள்ளிரவில் அவர்கள் நாடாளுமன்றம் கூடி, மறுநாள் விடுமுறை என்று அறிவித்தது. எந்தக் கிளப் வென்றால் ஒரு நாடாளுமன்றம் நடுராத்திரியில் கூடும்?

மயூர்விஹார்_மூன்று
இரவு 10:30

அக்கா, அந்தப் போட்டி நடப்பது மே மாதம். என்ஹெச்எல் பிளேஆஃப் அதே சமயத்தில் ஓடும். அதனால் சிறந்த வீரர்கள் பலர் போக முடியாது. வந்தது அமெரிக்காவின் முழு பலம் அல்ல.

நாடு என்றால்தான் பாசம் வரும் என்பதையும் நான் ஏற்கவில்லை. நம் டெல்லி கோட்லா மைதானத்தில் ஐபிஎல் கிரிக்கெட்டில் சென்னை ஆடும்போது எவ்வளவு மஞ்சள் சட்டை பார்க்கிறோம்? அது பாசமில்லையா? அப்புறம் சம்பளம் தரும் கிளப்பின் நிலையையும் யோசியுங்கள். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் கனடா வீரர் டவாரெஸுக்கு முழங்காலில் அடிபட்டது. அந்த சீசனின் மீதி ஆட்டங்கள் முழுவதும் அவருடைய கிளப்புக்கு அவர் இல்லை.

ஆர்கேபுரம்_அக்கா
இரவு 10:44

பெரியவர்கள் வராததால்தான் சின்ன நாட்டுக்கு வழி திறக்கிறது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். லடாக்கின் லே ஊரில் உறைந்த குளத்தில் பெண் பிள்ளைகள் ஆடுவதைப் பார்த்து நின்றிருக்கிறேன். அந்தப் பிள்ளைகளை நாளை என்ஹெச்எல் கூப்பிடப் போவதில்லை. இந்தியா என்று எழுதிய சட்டைதான் அவர்கள் எட்டக்கூடியது.

முனிர்காவாசி
இரவு 10:58

டவாரெஸ் விஷயத்தில் கிளப் பக்கம் நியாயம் இருக்கிறது, சரி. அடுத்த பிப்ரவரியில் மிலான் ஒலிம்பிக்குக்கு என்ஹெச்எல் வீரர்கள் திரும்புகிறார்கள், 2014-க்குப் பிறகு முதல் முறை. போக வேண்டும் என்று கேட்டவர்களே அந்த வீரர்கள்தான்.

மயூர்விஹார்_மூன்று
இரவு 11:10

அக்கா சொன்ன லேவுக்கு என்னிடம் பதில் இல்லை. முனிர்கா சாருக்கு மட்டும் ஒன்று: ஏப்ரலில் பிளேஆஃப், நம் நேரம் விடிகாலை நாலரை. ஒரே ஒரு தொடரை முதல் ஆட்டத்திலிருந்து முழுதாகப் பாருங்கள். ஆறாவது ஆட்டத்தில் அதே இரண்டு பேர் அதே மூலையில் பக்குக்கு மோதும்போது பேசலாம்.

முனிர்காவாசி
இரவு 11:14

எந்தத் தொடர் என்று ஏப்ரலில் சொல்லுங்கள். அலாரம் வைக்கிறேன்.