ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கு இரண்டு லட்ச ரூபாய்க்கு வீடியோ தேவையா?

பட்டறைக்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஆத்தங்குடியில் அப்பா காலத்திலிருந்து கல் பட்டறை. கல் என்றால் தரையில் பதிக்கிற, கண்ணாடி மேல் வார்த்துக் கையால் செய்கிற சிமெண்டு டைல்ஸ். இப்போது நானும் தம்பியும் பார்க்கிறோம். இதுவரை தம்பிதான் போனில் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறான். கண்ணாடியிலிருந்து கல்லைக் கழற்றும் வீடியோவுக்கு லைக் குவிகிறது, ஆர்டர் குவியவில்லை.

போன மாதம் மதுரையிலிருந்து ஒரு வீடியோ கம்பெனி வந்து பேசியது. மூன்று நிமிடப் படம் ஒன்று, ரீல்ஸ் ஐந்து, ட்ரோன், கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் ஷூட்டிங், பேசுவதற்கு ஒரு பெண். எல்லாம் சேர்த்து 1,75,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. தம்பிக்கு ஆசை. அப்பா, 'அந்தக் காசில் இரண்டு லோடு மணல் அடிக்கலாம்' என்கிறார் (இரண்டு லோடு இல்லை, அதற்கு மேலேயே வரும்). செலவெல்லாம் போக சதுர அடிக்குப் பத்து ரூபாய் நின்றால் எங்களுக்குப் பெரிது. இந்த நேரத்தில் இதைச் செய்யலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

ரஸ்தா வீடியோ:
தம்பி, நான் காரைக்குடியில் இருபது வருஷத்துக்கு மேலாக இதே தொழிலில் இருக்கிறேன். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்), புதுமனை என்று ஆரம்பித்து இப்போது ஹோட்டல், நகைக்கடை, காலேஜ் வரை எடுக்கிறேன். 'எடுங்கள்' என்று சொன்னால் எனக்குத்தான் லாபம். ஆனாலும் 'யோசியுங்கள்' என்றுதான் சொல்லப்போகிறேன், அதனால் இதைக் கொஞ்சம் நம்பிப் படிக்கலாம்.

முதலில் உங்கள் கணக்கையே போடுவோம். ஜிஎஸ்டி 18 சதவீதம், 31,500. மொத்தம் 2,06,500. நீங்கள் ஜிஎஸ்டியில் ரெகுலர் ஸ்கீமில் இருந்தால் அந்த 31,500-ஐ இன்புட்டில், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய வரியில், கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் (சின்ன வியாபாரிகள் விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை வரியாகக் கட்டுகிற முறை) என்றால் கைக்காசுதான். வரியை விடுங்கள். சதுர அடிக்குப் பத்து ரூபாய் என்றால் 1,75,000 திரும்பி வர 17,500 சதுர அடி ஓட வேண்டும். இரண்டாயிரம் சதுர அடி வீடு என்றால் கிட்டத்தட்ட ஒன்பது வீடு. இந்த வீடியோ இல்லாவிட்டால் வந்திருக்காது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடிய ஒன்பது வீடு. அது தெரிகிறதா உங்களுக்கு? தெரியவில்லை என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

அப்புறம் அந்த ட்ரோன். கானாடுகாத்தான் மேலே பறந்தால் தெரிவது ஓட்டுக்கூரையும் முற்றமும். நீங்கள் விற்பது தரை! அந்த வீட்டுத் தரையில் கிடப்பது இத்தாலி மார்பிளாக இருந்தால் இன்னும் அழகு. வீட்டு வாடகை, ட்ரோன், பேசுகிற பெண் மூன்றையும் எடுத்துவிட்டு எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். பாதி கோட்டேஷன் காணாமல் போகும். ட்ரோன் வைத்தே தீருவேன் என்றால், ஓட்டுகிறவரிடம் ரிமோட் பைலட் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோனுக்குத்தான் அது தேவையில்லை.

நம் ஊருக்கு கேமரா மயக்கம் இருப்பதில் தப்பில்லை. ஏவி.மெய்யப்பன் 1940-களில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டுப் படம் எடுத்துவிட்டு, 1948-இல்தான் ஸ்டுடியோவைச் சென்னைக்குக் கொண்டுபோனார். அவருக்கு டிக்கெட் வாங்க ஆள் இருந்தது. உங்களிடம் கல் வாங்குகிறவர் யார், அவர் போனில் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பது என்ன? அதை முதலில் சொல்லுங்கள்.

கண்டாங்கிக் கடை:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் எல்லோருக்கும் 'போனே போதும்' என்று சொல்லிவிட வேண்டாம். நான் கண்டாங்கிச் சேலை ஆன்லைனில் விற்கிறேன். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து வெளியூர் விசாரணை அதிகம். போனில் எடுத்தால் அரக்கு சிவப்பாகத் தெரியும், கடுகு மஞ்சள் எலுமிச்சையாகிவிடும். 'படத்தில் வேறு, கையில் வேறு' என்று சேலை திரும்பி வரும். போக வர கூரியர் காசு என் தலையில். கடைசியில் ஆள் வைத்து, ஒழுங்கான லைட் போட்டு, ஒவ்வொரு ரகத்துக்கும் சின்னதாக ஒரு வீடியோ எடுத்தோம். திரும்பி வருவது நன்றாகக் குறைந்தது. நிறத்தை நம்பி விற்கிறவர்கள் அதற்கு மட்டுமாவது காசு கொடுக்கத்தான் வேண்டும்.

பலகார ஆச்சி:
எங்கள் வீட்டில் மருமகள்தான் எடுப்பாள். மணகோலம் எண்ணெயில் பொரிகிற சத்தம், சீப்புச் சீடை சுற்றுகிற விரல், அவ்வளவுதான். ஒரு தடவை கம்பெனி ஆட்கள் வந்து எனக்குப் பட்டுச் சேலை கட்டிவிட்டு, வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) உட்கார வைத்து, பித்தளைச் சாமானாக அடுக்கி எடுத்தார்கள். சிங்கப்பூரில் இருக்கிற பழைய வாடிக்கை, 'ஆச்சி, வேறு யாருக்கோ கடையை விற்றுவிட்டீர்களா' என்று கேட்டு போன் செய்தது. சிரிப்பதா அழுவதா. பலகாரத்துக்குப் போன் வீடியோதான் ருசி.

பட்டறைக்காரன்:
ஆச்சி, சிரித்துவிட்டேன். ரஸ்தா அண்ணே, நீங்கள் கேட்டதை யோசித்துப் பார்த்தேன். எங்களுக்குப் பெரிய ஆர்டர் தருவது பெங்களூர், சென்னை ஆர்க்கிடெக்டுகள். ரிசார்ட் வேலையும் அவர்கள் மூலமாகத்தான் வரும். 'எப்படிச் செய்கிறீர்கள்' என்று அவர்கள் கேட்பதே இல்லை, அது அவர்களுக்குத் தெரியும். வருகிற போனெல்லாம் பதித்த பிறகுதான். 'கல் மங்கிவிட்டது', 'வெள்ளையாகப் பூத்துவிட்டது'. விசாரித்தால், அங்கே இருக்கிற கொத்தனார் செராமிக் டைல்ஸ் மாதிரி நினைத்துச் சிமெண்டுப் பாலைத் தரை முழுக்க இழுத்துவிட்டு, காய்ந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவியிருப்பார். சிமெண்டுக் கல்லில் ஆசிட் பட்டால் மேல்பூச்சுப் போச்சு. ஒரு ஆர்க்கிடெக்ட், 'பதிக்கிற முறைக்கு வீடியோ இருந்தால் அனுப்புங்கள், கான்ட்ராக்டருக்குக் காட்டுகிறேன்' என்றே கேட்டார். தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்.

ரஸ்தா வீடியோ:
அப்படிச் சொல்லுங்கள்! காசு கொடுத்து எடுக்க வேண்டிய படம் இதுதான். கல் செய்கிற வீடியோவைத் தம்பி போனிலேயே போடட்டும், அது நாலு நாளில் கீழே போய்விடும். பதிக்கிற வீடியோவை ஒவ்வொரு ஆர்டரோடும் வருஷக்கணக்கில் அனுப்புவீர்கள். லைக்கே வராது, வரவும் வேண்டாம்.

போனில் இது ஏன் வராது என்றால், உங்கள் கல்லில் கண்ணாடி மினுமினுப்பு இருக்கிறது. சன்னலும் எடுக்கிறவர் தலையும் அதில் தெரியும். மங்கின கல்லுக்கும் நல்ல கல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தானே காட்டப் போகிறீர்கள்? அதற்குக் கேமராவில் போலரைசர் ஃபில்டர் (பிரதிபலிப்பைக் குறைக்கிற கண்ணாடி) மாட்டி, லைட்டைப் பக்கவாட்டில் வைத்து எடுக்க வேண்டும். நிறம் கண்டாங்கிக் கடைக்காரர் சொன்ன மாதிரி மாறாமல் இருக்க, ஷாட் ஆரம்பிக்கும்போது ஒரு சாம்பல் அட்டையை வைத்து வெள்ளைச் சமநிலை பிடிக்கச் சொல்லுங்கள். கொத்தனார் பேசுவதற்குச் சட்டையில் குத்துகிற மைக். இவ்வளவும் தெரிந்த ஒரு ஆள், ஒரு உதவியாள், வேலை நடக்கிற இடத்தில் இரண்டு நாள், அப்புறம் எடிட்டிங். அந்தக் கோட்டேஷனில் மூன்றில் ஒரு பங்குக்குள் முடியும்.

எழுதி வாங்க வேண்டியதும் உண்டு. குரல் தனி ட்ராக்காக வேண்டும். தமிழில் எடுத்துவிட்டுப் பிறகு இந்தி, கன்னடம் ஏற்றிக்கொள்ளலாம். பெங்களூரில் கல் பதிக்கிறவர்களில் பலர் வடக்கத்தி ஆட்கள், இந்தி இல்லாமல் பிரயோஜனம் இல்லை. எடிட் செய்யாத மூலப் பதிவும் ஹார்ட் டிஸ்கில் வேண்டும். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 17-இன்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் நீங்கள்தான். ஆனால் எங்கள் ஆட்கள் நீட்டுகிற பேப்பரில் அந்த 'வேறு ஒப்பந்தம்' எங்காவது பொடி எழுத்தில் இருக்கும், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பாட்டு விஷயம், சினிமாப் பாட்டு வேண்டாம். கடையின் இன்ஸ்டாகிராம் கணக்கில் போட்டால் சத்தத்தையே எடுத்துவிடுவார்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் வைத்துக்கொள்ளாதீர்கள். மழையில் லைட்டும் இருக்காது, தரையும் காயாது.

பட்டறைக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணே. தேவகோட்டையில் ஒரு வீட்டுக்கு வைகாசியில் கல் பதிக்கிறோம், நம் கொத்தனார்தான். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். மதுரைக்காரர்களிடம் இந்த வேலைக்கு மட்டும் ரேட் கேட்கிறேன், நீங்களும் ஒன்று சொல்லுங்கள்.

ரஸ்தா வீடியோ:
இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், போனில் ரேட் சொல்வதில்லை. கொத்தனாரிடமும் இப்போதே பேசி வையுங்கள். ஒரே கல்லை நாலு தடவை எடுத்து வைக்கச் சொல்வோம், வேலை இழுக்கும். அந்த இரண்டு நாளைக்கு அவருக்கும் சித்தாளுக்கும் கூலியைத் தனியாகப் பேசிவிடுங்கள்.