பிரெஞ்சு அடியிலிருந்து: குத்தாலத்தில் இருந்துகொண்டே எப்படித் தொடங்குவது?

மஞ்சளாறு:
வணக்கம். பிளஸ் டூ வரை தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். பிரெஞ்சு ஒரு எழுத்துகூடத் தெரியாது. கணவர் காரைக்கால்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர், லியோனில் வேலை. அடுத்த வருஷம் நானும் போக வேண்டும். அதற்குள் ஏ1 (பிரெஞ்சில் முதல் நிலை) தேர்வு எழுதிவிட நினைக்கிறேன். தினமும் முக்கால் மணி நேரம் ஒதுக்க முடியும். "தமிழ் வழியாக 30 நாளில் பிரெஞ்சு" மாதிரியான புத்தகம் வாங்கலாமா, இல்லை ஆன்லைன் வகுப்பா? முதலில் இலக்கணமா, பேச்சா? என் இங்கிலீஷ் சுமார்தான், அது தடையாகுமா?

அரசலாறு:
இங்கிலீஷ் சுமார் என்பதைப் பற்றிக் கவலையே வேண்டாம் அம்மா. பல இடங்களில் தமிழ்தான் பிரெஞ்சுக்குப் பக்கத்தில் நிற்கிறது. நீ, நீங்க என்ற பழக்கம் அங்கேயும் உண்டு: தூ, வூ. கடைக்காரரிடமும் அலுவலகத்திலும் வூ, குழந்தையிடம் தூ. இங்கிலீஷ் மட்டும் தெரிந்தவர்கள் இதற்கே தடுமாறுவார்கள்.

புத்தகத்தில் ஒன்றை மட்டும் பாருங்கள். பிரெஞ்சு வார்த்தைக்குப் பக்கத்தில் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் போட்டிருந்தால் வாங்காதீர்கள். மீனுக்கும் விஷத்துக்கும் உள்ள பிரெஞ்சு வார்த்தைகளைத் தமிழில் எழுதினால் இரண்டுமே "ப்வாஸோன்" என்றுதான் வரும். நடுவில் வரும் ஒலிதான் வித்தியாசம். தொண்டையில் விரலை வைத்துப் பாருங்கள்: மீனில் அதிர்வு இருக்காது, விஷத்தில் இருக்கும். குடிக்கும் பானமும் அதே எழுத்துகளில்தான் வரும், முதல் ஒலி மட்டும் அதிரும். இந்த மூன்றும் காதில் பிரிந்து விழும் வரை கேளுங்கள். ஒவ்வொரு வார்த்தையையும் அந்த ஊர்க்காரர் குரலில் கேட்க ஃபோர்வோ தளம் இருக்கிறது, இலவசம்.

அடுத்தது மூக்கொலி. எல்லோரும் பயப்படும் இடம் இது, நமக்குப் பாதி வேலை முடிந்தே இருக்கிறது. பேச்சில் "வரேன்", "நான்", "மரம்" என்று சொல்லிப் பாருங்கள். கடைசியில் நாக்கு மேலே தொடுவதில்லை, உதடும் மூடுவதில்லை, மூச்சு மூக்கு வழியாகப் போகிறது. "வரேன்" முடியும் ஒலியில் வைன் என்பதற்கான பிரெஞ்சு வார்த்தை, "நான்" முடியும் ஒலியில் வெள்ளை, "மரம்" (பேச்சில் "மரொ" என்று மூக்கில் முடிவது) ஒலியில் நல்ல என்பதற்கான வார்த்தை. அச்சு அசல் அதே இல்லை, ஆனால் ரொம்பக் கிட்டே. மேடைத்தமிழ் மாதிரி "ன்", "ம்" அழுத்திச் சொன்னால்தான் கெட்டுப்போகும்.

ட, த விஷயமும் அப்படித்தான். பிரெஞ்சில் நாக்கு பல்லைத் தொடும், நம் "த" மாதிரி. இங்கிலீஷ் பழக்கத்தில் "ட" போடாதீர்கள். ப, த, க மூன்றையும் மூச்சைத் தள்ளாமல், தமிழில் சொல்கிற மாதிரியே சொல்லலாம்.

நமக்கு இல்லாதது "உய்" போல் கேட்கும் அந்த உயிரொலி. "ஈ" என்று இழுத்துக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் "ஊ"வுக்குக் குவியுங்கள். கண்ணாடி முன்னால் செய்யுங்கள். உதட்டோடு நாக்கும் பின்னால் போய்விட்டால் வெறும் "ஊ" ஆகிவிடும். அப்போது "நீ" என்று சொல்ல வந்தது "எல்லாம்" என்று கேட்கும். தொண்டை "ர"வை மட்டும் அவசரப்படுத்த வேண்டாம். நம் "ர" போட்டாலும் புரிந்துகொள்வார்கள்.

குடமுருட்டி:
அரசலாறு அண்ணன் ஒலியைச் சொல்லிவிட்டார், நான் தேர்வைச் சொல்கிறேன்.

நீங்கள் எழுத வேண்டியது தெல்ஃப் என்ற பிரெஞ்சு அரசுச் சான்றிதழ் தேர்வு. தெல்ஃப் ஏ1-இல் நாலு பகுதி: கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல். ஒவ்வொன்றும் 25 மதிப்பெண். மொத்தம் 100-க்கு 50 எடுத்தால் பாஸ், ஆனால் எந்தப் பகுதியிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. சான்றிதழுக்குக் காலாவதி கிடையாது. கனடாவுக்குக் கேட்கும் டெஃப், டிசிஎஃப் என்ற பிரெஞ்சுத் தேர்வுகள் வேறு, அவை 2 வருடம்தான் செல்லும். யாராவது அதில் சேரச் சொன்னால் ஏமாறாதீர்கள்.

ஏ1-ஓடு நிறுத்தும் எண்ணத்தில் போகாதீர்கள். அதற்கு மேலே ஏ2, பி1, பி2 என்று நிலைகள் ஏறும். பிரான்சில் 2026 ஜனவரி 1 முதல் பல ஆண்டு வசிப்பு அட்டைக்கு ஏ2, பத்து ஆண்டு அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று உயர்த்திவிட்டார்கள். யாருக்கு எந்த விலக்கு என்பதை அரசின் செர்வீஸ் பப்ளிக் தளத்தில் உங்கள் கணவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

ஏ1-க்கு 80 முதல் 100 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. தினமும் முக்கால் மணி என்றால் 100 மணி நேரத்துக்கு நாலரை மாதம். ஏ2-வையும் சேர்த்தால் அதைப்போல இரண்டு மடங்கு ஆகும். ஆகவே இப்போதே தொடங்குங்கள். வகுப்பும் தேர்வும் பிரெஞ்சு கற்பிக்கும் நிறுவனமான அலியான்ஸ் பிரான்சேஸில், புதுச்சேரி, சென்னை இரண்டு ஊரிலும் உண்டு. புதுச்சேரியில் இருப்பது 1889-லிருந்து நடக்கிறது. தேர்வு வருடத்தில் சில தடவைதான் நடக்கும். முதலில் தேதியைப் பாருங்கள், அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வகுப்பில் சேருங்கள்.

எழுதுதலில் ஒரு படிவம் நிரப்ப 10, குறைந்தது 40 வார்த்தையில் ஒரு சின்னக் கடிதத்துக்கு 15. படிவத்தைச் சும்மா விடுகிறவர்கள் நிறைய. பெயர், பிறந்த தேதி, தொழில், குடியுரிமை என்ற சொற்களைத் தெரிந்துகொண்டால் அந்தப் பத்தும் கைக்கு வரும். தேதி நம்மூர் மாதிரியே நாள், மாதம், வருடம்.

கேட்டலில் ஆளைக் கவிழ்ப்பது எண்கள். 70 என்பது அறுபதும் பத்தும், 80 என்பது நாலு இருபது, 92 என்பது நாலு இருபதும் பன்னிரண்டும். தொலைபேசி எண்ணை நம்மைப்போல ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல மாட்டார்கள், இரண்டிரண்டாக ஐந்து ஜோடி சொல்வார்கள். 74 வந்தால் முதலில் "ஸ்வாஸாந்த்" காதில் விழும், கை 6 போட்டுவிடும். அப்புறம் "கத்தோர்ஸ்" வரும், அடித்துத் திருத்துவதற்குள் அடுத்த ஜோடி போய்விடும். "ஸ்வாஸாந்த்" கேட்டதும் பேனாவைத் தூக்கிப் பிடியுங்கள், ஜோடி முடிந்த பிறகே எழுதுங்கள். வீட்டில் பஸ் நம்பர், கரண்ட் பில் தொகை எது கண்ணில் பட்டாலும் பிரெஞ்சில் சொல்லிப் பாருங்கள்.

பேசுதல் 5 முதல் 7 நிமிடம், அதற்கு முன் தயாரிக்க 10 நிமிடம். உங்களைப் பற்றிக் கேட்பார்கள். பிறகு அட்டைகளில் உள்ள சொற்களை வைத்து நீங்கள் கேள்வி கேட்க வேண்டும். கடைசியில் கடையில் பொருள் வாங்குவது மாதிரி ஒரு நடிப்பு. கேள்வி கேட்கப் பழகாமல் பதில் மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் இரண்டாவதில் வாயடைத்து நிற்கிறார்கள்.

வெட்டாறு:
இலக்கணத்தில் ஒன்றை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள் அக்கா. நமக்கு அஃறிணைக்குப் பால் பிரிவு இல்லை, அங்கே மேசை பெண், புத்தகம் ஆண். வார்த்தையைத் தனியாக எழுதவே எழுதாதீர்கள், "ஒரு" என்று பொருள்படும் அந்த ஆண், பெண் சொல்லோடு சேர்த்தே எழுதுங்கள். இங்கிலீஷ் "தி" மாதிரி வரும் ல (ஆண்), லா (பெண்) போட்டு எழுதினால் போதாதா என்று கேட்பார்கள். உயிரெழுத்தில் தொடங்கும் சொல் முன்னால் இரண்டும் வெறும் "ல்" ஆகிச் சுருங்கிவிடும், பால் மறைந்துவிடும். தண்ணீர், பள்ளிக்கூடம் இரண்டும் அப்படித்தான். "ஸியோன்" என்று முடிகிற, இங்கிலீஷ் ஸ்டேஷன், நேஷன் போன்ற சொற்கள் பெண்பால் என்று வைத்துக்கொள்ளலாம்.

வயது சொல்லும்போது இங்கிலீஷ் வழியாக யோசித்தால் தப்பாகிவிடும். "எனக்கு 28 வயது" என்பதை அங்கே "28 வருடம் வைத்திருக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். பசி, தாகம், பயம் எல்லாம் அதே மாதிரி.

மஞ்சளாறு:
மூன்று பேருக்கும் நன்றி. "வரேன், நான், மரம்" சொல்லிப் பார்த்தேன், புரிகிறது. ஆனால் சொல்லுக்குக் கடைசியில் இருக்கும் எழுத்தைப் பாதி இடங்களில் வாசிப்பதே இல்லையே, அதற்கு விதி உண்டா? மேலே கோடு போட்ட எழுத்தை மொபைலில் எப்படி அடிப்பது?

அரசலாறு:
பெரும்பாலும் கடைசி மெய்யெழுத்து ஊமை. அதற்குப் பின்னால் ஊமை "இ" (e எழுத்து) ஒன்று இருந்தால் மெய்யெழுத்து ஒலிக்கும். சின்னப் பையன் "பெத்தி", சின்னப் பெண் "பெத்தித்". ஆனால் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் அந்த ஊமை எழுந்து அதோடு ஒட்டிக்கொள்ளும். "லெ", "அமி" (நண்பர்கள்) இரண்டும் சேர்ந்து "லெஸமி" ஆகும், அந்த "ஸ" தொண்டையில் அதிர வேண்டும். தமிழ்ப் புணர்ச்சி படித்தவர்களுக்கு இது புதிதில்லை. தனித்தனிச் சொல்லாகப் படிக்காமல் முழு வாக்கியமாகக் கேட்டால் தானாக வரும். டிவி5மோந்த் தளத்தில் ஏ1-க்கென்றே சின்ன வீடியோக்கள் இருக்கின்றன. முதல் தடவை எழுத்து இல்லாமல், இரண்டாவது தடவை எழுத்தோடு பாருங்கள்.

மொபைலில் கீபோர்டு அமைப்பில் பிரெஞ்சைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "இ" (e) எழுத்தை அழுத்திப் பிடித்தால் கோடு போட்ட வடிவங்கள் வரிசையாக வரும். கோட்டை விட்டுவிட்டு அடிக்கப் பழகாதீர்கள். கோடு மாறினால் பல சொற்களில் காலமே மாறிவிடும், எழுதுதல் பகுதியில் மதிப்பெண் போகும்.