மறு: எபிசூட்டிக் அல்சரேட்டிவ் சிண்ட்ரோம் – தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள குழுவினருக்கு,

மீன்களிடையே கொள்ளைநோய்போலப் பரவி ஆழமான புண்களை உண்டாக்கும் எபிசூட்டிக் அல்சரேட்டிவ் சிண்ட்ரோம் என்ற நோய்க்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். குழுவில் வந்த யோசனைகளுக்கு என் பதில்:

> 'மீன்சாவு நோய்' என்றே வைத்துவிடலாம், கேட்டதும் புரியும்.

ஐயா, இது மட்டும் வேண்டாம். எண்ணூர்க்காரியாகச் சொல்கிறேன். கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் மீன் செத்து மிதந்தால் எதனால் செத்தது என்று கேட்டாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததை எல்லாரும் பார்த்தோம். தண்ணீரில் உயிர்வளி குறைந்தாலும் மீன் சாகும். சாவுக்கே 'நோய்' என்று பெயர் தயாராக இருந்தால் விசாரணை அதோடு முடிந்துவிடும். நட்டஈடு கேட்கும் மீனவர் பேச்சும் எடுபடாது.

'செம்புள்ளி நோய்' இதைவிடத் தேவலை. 1972இல் ஆஸ்திரேலியாவில் மடவை மீன்களில் கண்டபோது அங்கே அப்படித்தான் அழைத்தார்கள். ஆனால் சிவப்புப் புள்ளி தொடக்கநிலைதான். ஏரோமோனாஸ், விப்ரியோ பாக்டீரியாக்களாலும் அது வரும்.

இந்த நோய்க்கே உரியது புண் ஆழமாக இறங்கும் விதம். இதற்குக் காரணமான கிருமி அஃபனோமைசிஸ் இன்வடான்ஸ். அதன் சிதல்கள் (ஸ்போர்கள்) சாட்டைபோன்ற இரண்டு கசையிழைகளால் நீந்தி வந்து தோலில் ஒட்டி முளைக்கின்றன. இழைகள் தசையைத் துளைத்து, சில மீன்களில் உள்ளுறுப்பு வரை போகின்றன. மழைநீர் புகுந்து கழிமுகத்தில் உப்பு குறையும்போது சிதல்களுக்குக் கொண்டாட்டம். புண் திறந்த பிறகு பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. 1980களில் பெயர் வைத்தபோது இவற்றில் எது முதல் காரணம் என்று உறுதியாகவில்லை, அதனால்தான் 'சிண்ட்ரோம்'. இன்று அது தெரிந்த பிறகும் நாம் 'நோய்த்தொகுதி' என்று இழுப்பானேன்?

> அப்படியானால் கிருமியின் பெயரையே வைக்கலாமே?

கூடாது என்பேன். 1997இல் அமெரிக்காவின் மேரிலாந்தில் போகோமோக் ஆற்றில் மென்ஹேடன் மீன்கள் புண்ணோடு செத்தபோது பிஃபீஸ்டீரியா என்ற ஒருசெல் உயிரிமேல் பழி விழுந்தது. ஆற்றில் சில பகுதிகளையே மூடினார்கள். பிறகு மென்ஹேடன் புண்களைத் திசு ஆய்வு செய்தவர்கள் கண்டது அஃபனோமைசிஸ் இழைகளை. கரையில் நின்று மீனைப் பார்ப்பவர் கண்ணுக்குப் புண்தான் தெரியும், கிருமி தெரியாது.

எனவே என் பரிந்துரை 'கொள்ளைப்புண்'. வலை கிழித்த காயத்திலிருந்து இதைப் பிரிப்பது 'கொள்ளை'. பரவுவதையும் அதுவே சொல்லிவிடுகிறது. 'புண்' காசிமேட்டு ஏலத்திலேயே புழங்கும் சொல்: "புண்ணு மீனு, வாணாம்பா." மக்களுக்குத் தொற்றுமோ என்ற பயம் 'கொள்ளை'யால் வரும் என்று சென்ற மடலில் ஒருவர் எழுதியிருந்தார். நியாயமான கவலை. இக்கிருமி 37 பாகை வெப்பத்தில் வளராது, ஆகவே நம் உடம்பு அதற்கு ஒத்துவராது. 'மீன் கொள்ளைப்புண்' என்று முழுதாக எழுதினால் அந்தப் பயமும் குறையும்.

கிருமி சேர்ந்த இனமான 'ஊமைசீட்' (oomycete) என்பதற்கான தமிழ்ச்சொல்லுக்கு வருகிறேன். இதைப் 'பூஞ்சை' என்பது பிழை. செல்சுவரில் முதன்மையாக இருப்பது செல்லுலோஸ், பூஞ்சைக்கு உரிய கைட்டின் அல்ல. உறவு பழுப்புப் பாசிகளோடு. இந்த இனத்துக்கு 'நீரிழையி' அழகான ஆக்கம், ஆனால் வாய்விட்டுச் சொன்னால் 'நீரிழிவு' என்றே காதில் விழுகிறது. 'போலிப்பூஞ்சை' என்று வைத்தால், பார்க்கப் பூஞ்சைபோல இருக்கும், பூஞ்சை அல்ல என்ற இரண்டும் வந்துவிடும்.

பொன்னேரி மீன்வளக் கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகள் குழுவில் இருந்தால், இரண்டு சொல்லையும் ஆய்வகக் குறிப்பேட்டில் எழுதிப் பார்த்துச் சொல்லுங்கள். விக்சனரியில் ஏற்றுவதை அதுவரை நிறுத்தி வைப்போம்.