மர அம்பு செய்யும்போது ரேகை, வளையம், இறகு: எதை எந்த வரிசையில் செய்வது?

காட்டுப்புறா:
வணக்கம். 28 அங்குல இழுப்பில் 40 பவுண்டு வரும் லாங்போவுக்கு (நீள வில்லுக்கு) ஒரு டஜன் அம்பு செய்யப் போகிறேன். 11/32 அங்குல போர்ட் ஆர்ஃபோர்ட் சீடர் மரத் தண்டுகள் கைக்கு வந்துவிட்டன. கட்டின் மேல் 40–45 ஸ்பைன் (தண்டின் விறைப்பு அளவு) என்று இருக்கிறது. முனை 125 கிரெய்ன் எடை, இறகு 4 அங்குல வான்கோழி. வால் பக்கம் வெள்ளை, அதற்கு முன்னால் சிவப்பும் கறுப்புமாக வளையங்கள். நாக் (நாணில் மாட்டும் வெட்டுள்ள வால் துண்டு) மாட்டும்போது மர ரேகை எந்தப் பக்கம் இருக்க வேண்டும்? வண்ணத்தின் மேல் இறகு ஒட்டினால் நிற்குமா? வளையங்களை நேராகப் போட எளிய வழி உண்டா?

கணைத்தச்சன்:
வண்ணத்துக்குப் போகுமுன் தண்டுகளைப் பிரித்துவிடுங்கள். கட்டில் எழுதியதை நம்ப வேண்டாம், நீங்களே அளந்து பாருங்கள். 26 அங்குல இடைவெளியில் இரண்டு தாங்கிகள், நடுவில் 2 பவுண்டு எடை. எத்தனை அங்குலம் தொய்கிறதோ அதை வைத்து 26-ஐ வகுத்தால் ஸ்பைன். 0.6 அங்குலம் தொய்ந்தால் 43 பவுண்டு. அளக்கும்போது நேர்க்கோடு தெரியும் பக்கத்தில் எடை தள்ள வேண்டும், ஏனென்றால் வில்லை ஒட்டி வரப்போகும் பக்கம் அதுதான்.

தண்டைச் சுற்றிப் பார்த்தால் எதிரெதிராக இரண்டு பக்கம் நெருக்கமான நேர்க்கோடுகள், மற்ற இரண்டு பக்கம் கூம்பு கூம்பாக ஓடும் ரேகை. நாக்கின் வெட்டு, தண்டின் முனையில் தெரியும் ரேகைக்குக் குறுக்கே வர வேண்டும். அப்படி மாட்டினால் விறைப்பான பக்கம் வில்லின் மேல் படும், நாண் தண்டைப் பிளக்காது. கூம்புள்ள இரண்டு பக்கங்களில், கூம்பு முனை இலக்கை நோக்கி இருப்பதை மேலே வையுங்கள். எப்போதாவது தண்டு ரேகையோடு பிளந்தால், நாண் தள்ளும் பின்துண்டு கையை விட்டு மேலே விலகிப் போகும். கைக்காகச் செய்வது இது, அலட்சியம் வேண்டாம்.

நாக் மாட்டும் நுனியை 11 பாகைச் சரிவாகச் சீவுங்கள், முனை மாட்டும் நுனியை 5 பாகை. உப்புத்தாள் போட்டு இழைக்கும்போது கவனம்: விறைப்பு விட்டத்தின் நாலாம் அடுக்கைப் பொறுத்தது. 8.7 மி.மீ. தண்டில் வெறும் 0.2 மி.மீ. தேய்த்தாலே ஏறக்குறைய 9 சதவீதம் விறைப்பு போய்விடும். கையால் வளைத்து நிமிர்த்துவதையும் பூச்சுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

சாந்துக்கிண்ணம்:
வளையம் என் பங்கு. முதலில் அடிப்பூச்சு. மெல்லியதாக ஒரு கை பூசினால் மரநார் எழுந்து சொரசொரப்பாகும். காய்ந்ததும் 320 உப்புத்தாளால் இலேசாகத் தடவிவிட்டு இரண்டாம் கை. இரண்டு முனைச் சரிவுகளிலும் பூச்சே படக்கூடாது. சூட்டுப் பசை வெறும் மரத்தைத்தான் பிடிக்கும், வார்னிஷ் மேல் ஒட்டிய முனை குறிப்பலகையிலேயே தங்கிவிடும். அங்கே டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு வால் பக்கம் வெள்ளை, 9 அங்குலம் போதும். புல்லில் விழுந்தாலும் கண்ணில் படும். தடிப்பாக முக்காதீர்கள். வாலில் பாரம் ஏறினால் முன்பாரம் குறையும், அம்பும் அளந்ததைவிட விறைப்பாக நடந்துகொள்ளும்.

வளையத்துக்கு டிரில் போதும். தண்டின் நுனியில் டேப் சுற்றி, நசுங்காத அளவுக்கு இறுக்கிப் பிடிக்க வையுங்கள். மறுபக்கம் துணி ஒட்டிய 'V' வெட்டுள்ள கட்டையில் கிடக்கட்டும். மெதுவான வேகம். வண்ணம் பால் பதத்துக்கு இளகியிருக்க வேண்டும். தூரிகையை அசைக்காமல் தொட்டுப் பிடியுங்கள், சுற்றுவது தண்டின் வேலை. முதலில் அகலமான சிவப்புப் பட்டை. நன்றாகக் காய்ந்தபின் அதன் இரு ஓரத்திலும் மெல்லிய கறுப்புக் கோடு. ஓரம் பிசிறியிருந்தால் கறுப்பு அதை மூடிவிடும். இந்த வரிசையை மாற்றினால் எத்தனை நிதானமாகப் போட்டாலும் ஓரம் அசிங்கமாகத்தான் தெரியும். பன்னிரண்டுக்கும் ஒரே இடத்தில் வர, பட்டைகளின் அளவை ஒரு அட்டைத்துண்டில் குறித்துத் தண்டின் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டைகள் இறகின் முன்முனைக்கு முன்னாலேயே முடிய வேண்டும். வண்ண மேட்டின் மேல் இறகின் தண்டு உட்கார்ந்தால் அடியில் சந்து விழும், அங்கிருந்துதான் பிய்யத் தொடங்கும்.

சிறகன்:
இறகு நிற்குமா என்பது வண்ணத்தைவிட மேல்பூச்சைப் பொறுத்தது. இறகுப் பசையில் இருக்கும் கரைப்பான் சில லாக்கரைக் கரைத்துவிடும். பாலியூரித்தேன் அரைகுறையாகக் காய்ந்திருந்தால் பசை பிடிக்காமல் தோலாக உரியும். மிச்சத் தண்டுத் துண்டில் அதே அடிப்பூச்சு, அதே வண்ணம், அதே மேல்பூச்சு போட்டு ஒரு இறகை ஒட்டி, ஒரு நாள் கழித்து இழுத்துப் பாருங்கள். இறகு கிழிந்தால் நல்லது. பசையோடு வழுக்கி வந்தால் பூச்சை மாற்றுங்கள். ஒட்டும் இடத்தை மட்டும் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்ப்பதும் உதவும்.

ஒரே அம்பில் பறவையின் இடச்சிறகு இறகையும் வலச்சிறகு இறகையும் கலக்கக்கூடாது. நாக்கின் அடியிலிருந்து ஒரு அங்குலம் விட்டு, 120 பாகைக்கு ஒன்றாக மூன்று. தனி நிற இறகு நாக் வெட்டுக்குச் செங்குத்தாக, வில்லை விட்டு வெளியே பார்க்கட்டும்.

உங்களுடையது லாங்போ என்பதால் ஒன்று அவசியம். அம்பு கையின் மேல் உரசிப் போகும் வில்லானால், இறகுத் தண்டின் முன்முனை தோலைக் கிழித்துவிடும். அதை ஊசிபோலச் சீவி, மேலே பட்டுநூல் பத்துச் சுற்று நெருக்கமாகச் சுற்றி, ஒரு சொட்டு வார்னிஷ் விடுங்கள். 1545-இல் மூழ்கிய மேரி ரோஸ் கப்பலில் கிடைத்த ஆங்கிலேய அம்புகளில் இறகு நெடுக நூல் சுற்றிய தடம் இருக்கிறது. சிவப்பு நூலானால் உங்கள் வளையத்தோடும் பொருந்தும்.

காட்டுப்புறா:
மிக்க நன்றி. 3டி போட்டிக்கும் (விலங்கு உருவ இலக்குகளை எய்வது) கொண்டுபோகும் எண்ணம் உண்டு. பெயரின் முதலெழுத்தை மார்க்கரால் எழுதி, மேலே ஷெல்லாக் அடிக்கலாமா?

சாந்துக்கிண்ணம்:
வேண்டாம். ஷெல்லாக் ஆல்கஹாலில் கரைத்தது, மார்க்கர் மையும் பெரும்பாலும் ஆல்கஹாலில் கரையும். எழுத்து கலைந்து வெள்ளையில் பரவிவிடும். அக்ரிலிக் வண்ணத்தில் மெல்லிய தூரிகையால் எழுதிக் காயவிட்டு அடியுங்கள். உலக வில்வித்தைக் கூட்டமைப்பின் விதிப்படி தண்டில் பெயரோ முதலெழுத்தோ கட்டாயம். ஒரு சுற்றில் எய்யும் அம்புகளில் இறகு, நாக், வளையம் மூன்றின் அமைப்பும் நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் மாற்று அம்புகளுக்கும் சேர்த்து இப்போதே பதினான்கு, பதினைந்தாக வண்ணம் போட்டு வையுங்கள்.

கணைத்தச்சன்:
அம்பு எதிலாவது மோதினால் ஒவ்வொரு முறையும் காதருகே வைத்து மெதுவாக வளைத்துப் பாருங்கள். நெறிபடும் சத்தம் கேட்டால் வண்ணம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்த இடத்திலேயே இரண்டாக முறித்துவிடுங்கள், வேறு யாரும் எடுத்து எய்துவிடாதபடி.